டிவி குவிஸில் ஜெயிச்ச டீச்சர்கள்... சம்பளம் ஏறுச்சா? அமெரிக்காவின் ‘ஜெப்பர்டி’ ஆசிரியர் போட்டியின் கதை

2018 மே 7, திங்கட்கிழமை. அமெரிக்காவில் அந்த வாரம் ‘ஆசிரியர் பாராட்டு வாரம்’. அன்றைக்குத்தான் ‘ஜெப்பர்டி’ என்ற புகழ்பெற்ற டிவி வினாடி வினா நிகழ்ச்சியில், ஆசிரியர்களுக்கு மட்டுமான போட்டி தொடங்கியது. நாடு முழுவதும் இருந்து தேர்வான 15 பள்ளி ஆசிரியர்கள், இரண்டு வார ஒளிபரப்பு, முதல் பரிசு ஒரு லட்சம் டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 67 லட்சம் ரூபாய்.

அதற்கு நாலு நாள் முன்பு வரைக்கும் அரிசோனா மாகாணத்தில் ஆசிரியர்கள் சிவப்பு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு தெருவில் நின்றார்கள். சம்பளம் போதவில்லை, பள்ளிகளுக்கு ஒதுக்கும் நிதியும் போதவில்லை என்பது அவர்கள் புகார். போட்டியின் இரண்டாவது வாரத்தில், மே 16 அன்று, வட கரோலினாவின் தலைநகர் ராலேயில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் பேரணி போனார்கள். பல மாவட்டங்களில் அன்று பள்ளிக்கூடமே நடக்கவில்லை. அந்தப் பேரணிக்கு அவர்கள் வைத்த பெயரிலேயே ‘மரியாதை’ என்ற சொல் இருந்தது.

டிவியில் டீச்சருக்குக் கைதட்டல் விழுந்த அதே ரெண்டு வாரத்தில் இது நடந்தது. அப்போ ஒரு கேள்வி வரும்தானே? டிவியில் ஒரு ஆசிரியர் ஜெயித்தால், ஆசிரியர் தொழிலுக்கு மதிப்பு கூடுமா? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு 60 வருஷத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கு. அதுல ஒரு பெரிய மோசடியும் இருக்கு.

ஜெப்பர்டி எப்படி நடக்கும்?

நமக்குப் பழக்கமான குவிஸ் என்றால், சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ மாதிரி ஒன்றுதான் ஞாபகம் வரும். நாலு ஆப்ஷன், லைஃப்லைன், யோசிக்க நேரம். ஜெப்பர்டியில் இது எதுவுமே கிடையாது. மூன்று பேர் நிற்பார்கள். ஒரு எபிசோடில் அதிகபட்சம் 61 கேள்விகள். யார் முதலில் பஸ்ஸரை அழுத்துகிறாரோ அவருக்குத்தான் வாய்ப்பு. தப்பாகச் சொன்னால் சேர்த்த பணம் குறையும்.

இன்னொரு விசித்திரம், இதில் நடத்துநர் சொல்வதுதான் பதில். போட்டியாளர் அதற்குப் பொருத்தமான கேள்வியைச் சொல்ல வேண்டும். “5,280” என்று சொன்னால், “ஒரு மைலுக்கு எத்தனை அடி?” என்று திருப்பிக் கேட்கணும். 1964-ல் மெர்வ் கிரிஃபின் ஆரம்பித்த நிகழ்ச்சி இது. இப்போது ஓடும் வடிவம் 1984-ல் தொடங்கியது. 2020-ல் இறக்கும் வரை அலெக்ஸ் ட்ரெபெக்தான் அதன் முகம்.

ஆசிரியர் போட்டி முதலில் வந்தது 2011-ல். 2020 வரை எட்டு முறை நடந்திருக்கு. கேஜி முதல் 12-ம் வகுப்பு வரை முழுநேரமாகப் பாடம் நடத்துபவர்கள் மட்டுமே கலந்துகொள்ள முடியும். காலிறுதி ஐந்து ஆட்டம். ஜெயிக்கும் ஐந்து பேரோடு, தோற்றவர்களில் அதிக ஸ்கோர் எடுத்த நாலு பேரும் அரையிறுதிக்குப் போவார்கள். இறுதிப்போட்டி ரெண்டு நாள், ரெண்டு ஸ்கோரையும் கூட்டி வெற்றியாளர். இரண்டாம் பரிசு 50,000 டாலர், மூன்றாவது 25,000. அரையிறுதியில் வெளியேறினால் 10,000, காலிறுதியோடு போனால் 5,000.

நாம் பத்து நாள் பார்க்கும் இந்தத் தொடரை எடுக்க பத்து நாள் ஆகாது. ஒரே நாளில் ஐந்து எபிசோடு பதிவு செய்வது ஜெப்பர்டியின் வழக்கம். அதனால் ரெண்டு பதிவு நாளில் முழுப் போட்டியும் முடிந்துவிடும். பிறகு டீச்சர் ஊர் திரும்பி மறுபடியும் வகுப்புக்குப் போகணும். ஒளிபரப்பாகும் வரை முடிவை வெளியில் சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். “மிஸ், ஜெயிச்சீங்களா?” என்று கேட்கும் முப்பது பிள்ளைகள் முன்னால் வாரக்கணக்கில் முகத்தில் எதுவும் காட்டாமல் நிற்பது, இறுதிப்போட்டியை விடக் கஷ்டம்னுதான் எனக்குத் தோணுது.

ஜெயித்தவர்கள் யார்? முதல் சாம்பியன் சார்லஸ் டெம்பிள், வட கரோலினாவின் ஓக்ரகோக் தீவில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர். படகோ சின்ன விமானமோ இல்லாமல் போக முடியாத ஊர் அது. 2012 நவம்பரில் ஜெயித்த சிகாகோ வரலாற்று ஆசிரியர் கோல்பி பர்னெட், அடுத்த சில மாதங்களில் எல்லா சாம்பியன்களும் மோதும் பெரிய போட்டியையும் ஜெயித்து, இன்னொரு இரண்டரை லட்சம் டாலரை எடுத்துப் போனார். ‘டீச்சர்களுக்கென தனிப்போட்டி என்றால் கொஞ்சம் ஈசியான கேள்வியாத்தான் இருக்கும்’ என்று நினைத்தவர்களுக்கு அதுதான் பதில்.

1956-ல் சொன்ன அதே காரணம்

இப்போது அந்த மோசடிக் கதைக்கு வருவோம். இதைத் தெரிந்துகொள்ளாமல் டீச்சர் குவிஸ் பற்றிப் பேச முடியாது.

1956-ல் ‘ட்வென்ட்டி ஒன்’ என்ற குவிஸ் நிகழ்ச்சி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சார்லஸ் வான் டோரன் என்ற இளைஞர் அதில் நுழைகிறார். படித்த குடும்பம், நல்ல தோற்றம், மென்மையான பேச்சு. வாரா வாரம் ஜெயிக்கிறார். மொத்தம் 1,29,000 டாலர். ‘டைம்’ பத்திரிகை அட்டையில் படம் வந்தது. வாத்தியார் ஒருவர் சினிமா நட்சத்திரம் மாதிரி ஆனது அமெரிக்காவுக்கே புதுசு.

ஆனா எல்லாமே நாடகம். கேள்விகளும் பதில்களும் முன்பே கையில் கொடுக்கப்பட்டன. எங்கே தயங்கணும், எங்கே நெற்றி வியர்வையைத் துடைக்கணும் என்பது வரை ஒத்திகை. அவருக்கு முன்பு சாம்பியனாக இருந்த ஹெர்ப் ஸ்டெம்பெலை, தெரிந்த கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்ல வைத்துத் தோற்கடித்தார்கள். 1955-ன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்ற கேள்வி. ‘மார்ட்டி’ என்பது ஸ்டெம்பெலுக்கு நன்றாகவே தெரியும்.

1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன்பு வான் டோரன் உண்மையை ஒப்புக்கொண்டார். கொலம்பியா வேலை போனது, டிவி வேலையும் போனது. அடுத்த வருஷம், குவிஸ் நிகழ்ச்சியின் முடிவை முன்கூட்டியே தீர்மானிப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது.

அந்த வாக்குமூலத்தில் ஒரு இடம் முக்கியமானது. முதலில் அவர் மறுத்திருக்கிறார். அவரைச் சம்மதிக்க வைக்கத் தயாரிப்பாளர் பணத்தை மட்டும் காட்டவில்லை. நீங்கள் ஜெயித்தால் ஆசிரியர்களுக்கும் கல்விக்கும் அறிவு சார்ந்த உழைப்புக்கும் மக்களிடம் மரியாதை கூடும், அது ஒரு சேவை என்று சொல்லித்தான் மனசை மாற்றியிருக்கிறார். வான் டோரனும் அதை நம்பியிருக்கிறார், அல்லது நம்ப விரும்பியிருக்கிறார். அதாவது, ‘டிவியில் வாத்தியார் ஜெயித்தால் வாத்தியார்களுக்கு மரியாதை’ என்ற வாதம் அப்போது ஒரு பொய்யை விற்கப் பயன்பட்டது.

ஜெப்பர்டி பிறந்ததே அந்த மோசடிக்குப் பிறகுதான். குவிஸ் என்றாலே யாரும் நம்பாத காலம். அப்போது மெர்வ் கிரிஃபினின் மனைவி ஜூலான், பேசாம பதிலையே முதல்ல கொடுத்துட்டா என்ன என்று யோசனை சொன்னதாக அவர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள். அப்போது ஜூலான் சொன்ன உதாரணம்தான் மேலே பார்த்த 5,280. இங்கே பதிலை எல்லோருக்கும் பகிரங்கமாகவே கொடுத்துவிட்டு ஆட்டத்தை ஆரம்பிக்கிறார்கள்.

ஆக 2011 முதல் நடந்த ஆசிரியர் போட்டியை வான் டோரன் கதையோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் தெளிவு. இது நேர்மையான ஆட்டம். டீச்சருக்கு உண்மையிலேயே தெரியுது, அதை நாடு பார்க்குது. ஆனால் அந்தப் பழைய வாக்குறுதி, அதாவது மரியாதை கூடும் என்பது, நேர்மையான ஆட்டத்திலாவது நிறைவேறியதா?

பஸ்ஸர் வேகமும் வகுப்பறையும்

அதற்கு முன்னால் இன்னொரு விஷயம். இந்த ஆட்டம் அளப்பது எதை?

ஜெப்பர்டியில் நடத்துநர் வாசித்து முடித்ததும் பலகையின் ஓரத்தில் விளக்கு எரியும். அதற்குப் பிறகுதான் பஸ்ஸர் வேலை செய்யும். அவசரப்பட்டு முன்பே அழுத்தினால் கால் விநாடி பூட்டிக்கொள்ளும். அந்தக் கால் விநாடிக்குள் பக்கத்தில் நிற்பவர் முந்திவிடுவார். மூன்று பேருக்குமே பதில் தெரிந்த கேள்விகள்தான் அதிகம் என்பதால், பல ஆட்டங்களை முடிவு செய்வது இந்தக் கட்டைவிரல் கணக்குதான்.

வகுப்பறையில் நடப்பது இதற்கு நேர் எதிர். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் ஒரு எளிய விஷயத்தைக் கவனித்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, ‘தெரியாது’ என்ற பதில் குறைகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் கை தூக்குகிறார்கள். நல்ல டீச்சரின் திறமை அந்த மூன்று விநாடி சும்மா இருப்பதில் இருக்கு. குவிஸ் மேடையில் அதே மூன்று விநாடி காத்திருந்தால் வீட்டுக்குப் போகலாம்.

அதனால் இந்தப் போட்டி ‘சிறந்த ஆசிரியர்’ யார் என்று காட்டுவதில்லை. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் ‘ஆசிரியருக்கு என்ன தெரியும்’ என்று கேலியாகக் கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த வாயை இது அடைக்குது. அது சின்ன விஷயம் இல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

2018-ல் அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியரின் சராசரிச் சம்பளம் வருஷத்துக்கு சுமார் 60,000 டாலர். முதல் பரிசு ஒன்றரை வருஷச் சம்பளத்துக்கும் மேல். (முழுசாக் கைக்கு வராது. மத்திய வருமான வரியும், நிகழ்ச்சி பதிவாகும் கலிஃபோர்னியாவின் மாகாண வரியும் உண்டு.) அந்த வருஷம் ஜெயித்தவர் லாரி மார்ட்டின், கான்சஸைச் சேர்ந்த ஐந்தாம் வகுப்பு கணக்கு டீச்சர்.

சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மேற்கு வர்ஜீனியாவில் சராசரியே 45,000 டாலரைச் சுற்றித்தான். எகனாமிக் பாலிசி இன்ஸ்டிடியூட் என்ற, தொழிலாளர் பக்கம் சாய்ந்த ஆய்வு அமைப்பு, அதே அளவு படித்து வேறு வேலைக்குப் போனவர்களோடு ஆசிரியர்களை ஒப்பிட்டுக் கொண்டே வருகிறது. 2018-ல் ஆசிரியர்களின் வாரச் சம்பளம் 21 சதவீதத்துக்கு மேல் குறைவு. 2022-ல் இடைவெளி 26.4 சதவீதம். இன்சூரன்ஸ், ஓய்வூதியம் போன்றவற்றைச் சேர்த்தால் இடைவெளி சுருங்கும், ஆனால் மறையாது.

2018 மே மாதத்தில், போட்டி ஓடிக்கொண்டிருந்தபோதே இன்னொரு புள்ளிவிவரமும் வந்தது. அமெரிக்க அரசின் கல்விப் புள்ளியியல் மையம் வெளியிட்டது. அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 94 சதவீதம் பேர் பென்சில், தாள், சார்ட் போன்ற வகுப்பறைப் பொருட்களுக்குச் சொந்தக் காசைச் செலவழிக்கிறார்கள். செலவழிப்பவர்களின் சராசரி, வருஷத்துக்கு 479 டாலர். யாரும் திருப்பித் தருவதில்லை. இதைப் படிக்கும்போது எனக்கு என் பள்ளிக்கூடத் தமிழ் ஐயா ஞாபகம்தான் வந்தது. திருக்குறள் ஒப்பித்தலில் ஜெயிக்கிற பிள்ளைக்கு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு புதுப் பேனா வரும். அது யார் காசு என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஆசிரியர் போட்டியில் 15 பேருக்கும் சேர்த்துப் போகும் பரிசு சுமார் 2,65,000 டாலர். எட்டுப் போட்டிகளிலும் மேடை ஏறியவர்கள் மொத்தம் 120 பேர்.

2018 பிப்ரவரி 22 அன்று மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 20,000 ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்பது பள்ளி நாட்கள். மார்ச் 6 அன்று 5 சதவீத ஊதிய உயர்வுக்குச் சட்டம் நிறைவேறியது. ஒருவருக்கு வருஷத்துக்கு சுமார் 2,000 டாலர். பெரிசா தெரியாது. ஆனால் 20,000 பேருக்கு என்று பெருக்கினால் வருஷத்துக்கு 4 கோடி டாலர், அதுவும் ஒரு தடவையோடு முடிவதில்லை. அடுத்து ஓக்லஹோமா. அங்கே வேலைநிறுத்த அறிவிப்பு வந்ததுமே சராசரியாக 6,100 டாலர் உயர்த்திச் சட்டம் போட்டார்கள். பள்ளி நிதிக்காக அதற்குப் பிறகும் நடந்த போராட்டத்தில் பெரிசாக எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லணும். அரிசோனாவில் 2020-க்குள் 20 சதவீத உயர்வு என்ற திட்டம் வந்தது.

நம்ம நாட்டிலும் இப்படித் தனித்தனி வெற்றிகள் உண்டு. 2021-ல் ‘கோன் பனேகா குரோர்பதி’யில் ஒரு கோடி ஜெயித்த ஹிமானி புந்தேலா, ஆக்ரா கேந்திரிய வித்யாலயா ஆசிரியை, பார்வைக் குறைபாடு உள்ளவர். அடுத்த சில நாள் எல்லா சேனல்களிலும் அவர்தான். அந்தக் கொண்டாட்டம் அவருக்கு முழுக்கத் தகும். ஆனால் அதனால் இன்னொரு ஆசிரியரின் சம்பளச் சீட்டில் ஒரு ரூபாய்கூட மாறாது. அது குவிஸின் குற்றமும் இல்லை. குவிஸுக்கு அந்த வேலையே கிடையாது.

பனித்தரையில் 5,000 டாலர்

சிக்கல் எங்கே வருதுன்னா, பரிசை நிதிக்குப் பதிலாக வைக்க ஆரம்பிக்கும்போது.

2021 டிசம்பர். ஜெப்பர்டியில் இந்தத் தடவை கல்லூரிப் பேராசிரியர்களுக்கான போட்டி, டிசம்பர் 6 முதல் 17 வரை. 15 பேராசிரியர்கள், அதே ஒரு லட்சம் டாலர். சாம் பட்ரி என்ற பேராசிரியர் ஜெயித்தார். கோட் சூட், மேடை விளக்கு, கண்ணியமான கைதட்டல்.

நடுவில், டிசம்பர் 11 அன்று தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில் ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டம். இடைவேளையில் பனித்தரையின் நடுவே ஒரு கம்பளம் விரித்தார்கள். அதன்மேல் 5,000 டாலரை ஒரு டாலர் நோட்டுகளாகக் கொட்டினார்கள். பத்து ஆசிரியர்கள், தலையில் ஹெல்மெட். சைகை கொடுத்ததும் மண்டியிட்டு அள்ளணும். கிடைத்ததைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார்கள். அரங்கமே ஆரவாரம். அந்தப் பணம் அவரவர் வகுப்பறைக்கு.

வீடியோ பரவியது. ஆசிரியர் சம்பளத்தில் நாட்டிலேயே கடைசி வரிசையில் இருக்கும் மாகாணம் அது. இதைப் பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். அணியும், பணம் கொடுத்த நிறுவனமும் மன்னிப்புக் கேட்டு, கலந்துகொண்டவர்களுக்கும் விண்ணப்பித்தவர்களுக்கும் கூடுதல் பணம் தருவதாக அறிவித்தார்கள்.

கவனிக்க வேண்டிய எண் ஒன்று இருக்கு. பத்துப் பேருக்கு 5,000 டாலர், ஒருவருக்குச் சராசரியாக 500. டீச்சர்கள் வருஷா வருஷம் சொந்தப் பையிலிருந்து போடும் 479 டாலருக்குக் கிட்டத்தட்ட சமம். ஒரு வருஷத்துத் தாள், பென்சில் செலவுக்காகத்தான் அந்த மண்டியிடல்.

குவிஸ் மேடையையும் பனித்தரையையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. ஜெப்பர்டியில் பரிசு கிடைப்பது ஆசிரியரின் அறிவுக்கு. பணத்தைத் தன் இஷ்டப்படி செலவழிக்கலாம். வீட்டுக் கடனை அடைக்கலாம், சுற்றுலா போகலாம். பனித்தரையில் பரிசு கிடைத்தது அவசரத்துக்கு, அதுவும் வேலைக்கான பொருளை வாங்க. ஆனால் ரெண்டும் ஒரே இடத்தில் தொடுது: எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டியது, சிலர் ஜெயித்து வாங்க வேண்டியதாக மாறுவது. முதல் வகை இருக்கிறது என்பதால் ரெண்டாவது வகை இயல்பாகத் தெரிய ஆரம்பித்துவிடக் கூடாது.

லாரி மார்ட்டின் சாம்பியன்கள் போட்டிக்கு வரவில்லை. 2019 ஜனவரியில் கணையப் புற்றுநோயால் இறந்துவிட்டார். ரெண்டு மாதம் கழித்து அதே நோய் தனக்கும் இருப்பதாக ட்ரெபெக் அறிவித்தார். அந்த நவம்பரில் நடந்த சாம்பியன்கள் போட்டியில் மார்ட்டின் நினைவாக எல்லோரும் ஊதா ரிப்பன் குத்திக்கொண்டு ஆடினார்கள்.

எட்டாவது ஆசிரியர் போட்டி 2020 மே 25 முதல் ஒளிபரப்பானது. முன்பே பதிவு செய்தது. அதற்குள் கொரோனாவால் பள்ளிகள் மூடி, டீச்சர்கள் வீட்டிலிருந்து லேப்டாப் கேமரா முன்னால் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பென் ஹென்ரி என்ற ஆசிரியர் ஜெயித்தார்.

அந்தச் சொந்தக் காசுச் செலவு என்ன ஆச்சு என்று கேட்டால், அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் அதற்கென ஒரு கழிவு இருக்கு. ஆசிரியர் தன் பணத்தில் வகுப்பறைக்கு வாங்கியதில் 250 டாலர் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று 2002-ல் கொண்டுவந்தார்கள். இருபது வருஷம் அப்படியே இருந்தது. 2022-ல் 300 டாலர் ஆக்கினார்கள்.